ஆயிரத்துக்கு இரண்டு குறை

நந்தனம் என்ற பெயரைக் கேட்டதும் தேவலோகத்திலுள்ள இந்திரனுடைய பூங்காவனம் சில நேயர்களுக்கு ஞாபகம் வரலாம். நாம் குடியிருக்கும் நந்தனத்தில் அப்படிப்பட்ட வனம் எதுவும் இல்லை. அண்ணா சாலையும், அதில் ஓய்வின்றி ஓடும் வண்டிகளும், மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளங்களும், பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் கண்காட்சியுந்தான் உண்டு. ராஜாஜி முதல் மந்திரியாயிருந்த 1952-ஆம் வருஷத்தில், அதாவது நந்தன வருஷத்தில், இந்தக் குடியிருப்பு உருவானபடியால் அவரே இப்பெயரைச் சூட்டினார் என்று பேட்டையின் பழைய வாசிகள் சொல்வார்கள். அறுபது வருஷம் சுழன்று 2012-இல் மறுபடியும் நந்தன வருஷம் வந்தது. பேட்டைக்கு அது சஷ்டியப்த பூர்த்தி. ஆனால் அதற்கு மாலை போட வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

பேட்டை கிடக்கட்டும். நம் வீட்டிலேயே ஒருவருடைய வயது யாராலும் எண்ணப்படாமல் எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்தான் நம்முடைய அத்தை.

நம் தகப்பனாருக்கு நேர் மூத்த சகோதரி அவர். 1970-ஆம் வருஷத்தில், இருபத்தாறாவது வயதில், கணவரை இழந்து ஒரு தகரப் பெட்டியுடன் தம்பியின் வீட்டுக்கு வந்தார். நமக்கு 'அ'னா எழுதக் கற்றுக் கொடுத்தவர் அவர். இன்று நாம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறோமென்றால், அதில் முதல் மாதச் சம்பளம் நியாயப்படி அவருக்கே சேர வேண்டும். வீட்டில் எல்லாருடைய பிறந்த நாளும் அவருக்கு மனப்பாடம். பாயசத்துக்கு முதல் நாளே சேமியாவை வறுத்து வைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கும் பிறந்த நாள் என்று ஒன்று இருக்குமே என்ற யோசனை நமக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உண்டாயிற்று. அதுவும் தானாக உண்டாகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் பெண், பரணிலிருந்து இறக்கிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்தாள். அதில் நம் பாட்டனாருடைய கையெழுத்தில், "தாரண வருஷம் வைகாசி மாதம், 12-6-44 திங்கட்கிழமை இரவு, சதய நட்சத்திரத்தில் பெண் பிறந்தது" என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழிலோ அத்தை பிறந்தது ஜூன் முதல் தேதி. சேர்க்கும் நாளில் பெற்றோர் விழித்தால் ஜூன் முதல் தேதி என்று போட்டுக்கொள்வது நம் தொழிலில் பழைய வழக்கம். தேசத்தில் பாதிப் பேரை அந்த ஒரே தேதியில் பிறக்க வைத்த பெருமை வாத்தியார்களைச் சேர்ந்தது.

"அப்பா, அத்தைப் பாட்டிக்கு எண்பது வயதும் ஆறு மாதமும் ஆகிவிட்டது!" என்று குழந்தை கூவினாள்.

எண்பது வயதும் எட்டு மாதமும் ஆனவர்களை ஆயிரம் பிறை கண்டவர்கள் என்பது நம்முடைய வழக்கு. அப்போது செய்வதுதான் சதாபிஷேகம். அறுபதில் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் இது. இவற்றைச் செய்துகொள்ளத் தமிழ் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் திருக்கடையூருக்குப் போகிறார்கள். பதினாறு வயதோடு ஆயுள் முடிய வேண்டிய மார்க்கண்டேயன் யமனுக்குத் தப்பிய தலமாயிற்றே! ஆகவே நாமும் உற்சாகத்துடன் உறவினர்களிடம் பிரஸ்தாபித்தோம்.

பதில் பலவிதமாக வந்தாலும் சாரம் ஒன்றே. "சதாபிஷேகம் தம்பதிகளுக்கு அல்லவா? தனியாயிருக்கிற பெண்பிள்ளைக்கு எப்படிச் செய்வது?" என்றார்கள். ஒருவராவது அத்தையிடம் பிரியம் இல்லாதவரல்லர், அதுதான் வேடிக்கை. தகப்பனார் மட்டும் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வழக்கம் இல்லையே" என்று இரண்டே வார்த்தை சொன்னார்.

அத்தைக்கு இந்தச் சர்ச்சை எட்டாமலிருக்குமா? அன்று மாலை கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டே, "எனக்குச் சடங்கெல்லாம் எதற்குடா? கார் ஏற்பாடு செய்கிறதானால் தரங்கம்பாடிக்கு ஒரு தடவை அழைத்துப் போ. கடலிலிருந்து பௌர்ணமிச் சந்திரன் எழும்புவதைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் பார்த்தது" என்றார்.

அவர் பிறந்தது அந்த ஊரில். பத்து வயதில் புறப்பட்டவர் பிறகு போகவில்லை. திருக்கடையூரிலிருந்து அது எட்டு கிலோமீட்டர் தூரந்தான். 2008-ஆம் வருஷத்தில் தகப்பனாருடைய அறுபதாம் கலியாணத்துக்காகத் திருக்கடையூருக்குப் போன சமயம் எட்டிப் பார்த்திருக்கலாம். அன்றைக்குச் சமையற்கட்டையும் சாமான்களையும் அவர் பொறுப்பில் விட்டிருந்தோம். பெற்றோருக்குக் கும்ப நீரைச் சொரிந்த நேரத்திலும் அவர் முன்னால் வரவில்லை. "சாமான் பத்திரம்" என்று தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாம் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தோம்.

நாள் குறிக்கும் வேலை நம்முடையதாயிற்று. 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி பௌர்ணமி. எண்பது வருஷமும் எட்டு மாதமும் நிறையும் நாளும் அதுவே. இவ்வளவு பொருத்தம் பள்ளிக்கூடக் கணக்கில்கூட வருவதில்லை. தைப்பூச விடுமுறைக்கு மறுநாளாதலால் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தோம். ஆனால் கணக்கு வாத்தியாரின் புத்தி சும்மா இருக்குமா? ஆயிரம் பிறை உண்மையில் ஆயிரந்தானா என்று பார்க்க உட்கார்ந்தோம்.

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி இருபத்தொன்பதரை நாளும் சில நிமிஷங்களும். ஆகையால் 19 வருஷத்தில் மாதம் 228 ஆனால் பௌர்ணமி 235. இப்படி மிகுதியாக வருகிறவற்றையெல்லாம் சேர்த்துத்தான் எண்பது வருஷம் எட்டு மாதத்தில் ஆயிரம் ஆகிறதென்று முன்னோர் கணித்தார்கள். அத்தை பிறந்தபின் வந்த முதல் பௌர்ணமி 1944 ஜூலை முதல் வாரத்தில். அதிலிருந்து எண்ணினால் இந்தப் பிப்ரவரிப் பௌர்ணமி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது! ஆயிரமாவது வருவது ஏப்ரலில், சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்.

அவர் பிறப்பதற்கு ஆறு நாள் முன்னால், ஜூன் 6-ஆம் தேதி, ஒரு பௌர்ணமி போயிருந்தது. அன்றுதான் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸ் தேசத்து நார்மண்டிக் கரையில் இறங்கின. நிலா வெளிச்சத்தையும் கடல் வற்றும் நேரத்தையும் பார்த்தே சேனாபதிகள் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை அத்தையிடம் சொன்னோம். "போகட்டும், அந்தப் பௌர்ணமி அவர்களுக்கு வேண்டியிருந்தது" என்றார் அவர்.

காலை நாலரை மணிக்கு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. தகப்பனார், தாயார், நம் மனைவி, குழந்தை, நாம், ஜன்னலோரத்தில் அத்தை. ஏறக்குறைய 270 கிலோமீட்டர் பிரயாணம். அடையாற்றைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தபோது இருட்டு. மாமல்லபுரம் தூக்கத்தில் போயிற்று. பாலாற்றில் மணல் மட்டும் தெரிந்தது. மரக்காணத்து உப்பளங்களில் வெயில் பட்டபோது அத்தை விழித்துக்கொண்டு, "இவ்வளவு உப்பா!" என்று அதிசயப்பட்டார். ஐம்பத்தைந்து வருஷமாக நம் வீட்டுக் குழம்புக்கு உப்புப் போட்டவர் சொன்னபடியால் எல்லாரும் சிரித்தோம். புதுச்சேரியில் இட்லி. கடலூர் கடந்து சிதம்பரத்துக்கு வரும் வரையில் சாலை வேலைக்காகப் பல இடங்களில் வண்டியைத் திருப்பி விட்டார்கள். அதைப் பற்றி எழுதினால் பத்தி முழுவதும் புழுதியாகிவிடும்.

கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறிவிட்டது. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வைக்கோல் வாசனை காருக்குள் வந்ததும் அத்தை தம்பியிடம் பேசத் தொடங்கினார். தகப்பனார் அக்காளிடம் இவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அப்போது ரயில் உண்டு. 1926-இல் ஓடத் தொடங்கி 1980-களில் நிறுத்தப்பட்ட ரயில் அது. அதில் கரித்தூள் கண்ணில் விழுந்து தம்பி அழுததும், அக்காள் தாவணித் தலைப்பால் ஊதி ஒத்தடம் கொடுத்ததும் வெளிவந்தன. "எந்தக் கண்?" என்று குழந்தை கேட்டாள். இருவரும் ஒரே சமயத்தில் "இடது" என்றார்கள்.

திருக்கடையூர் வந்தபோது மணி பதினொன்றரை. அபிராமியம்மை சந்நிதிக்குப் போகும் வழியெல்லாம் மாலையும் பட்டுமாக வயோதிகத் தம்பதிகள். புகை, மந்திரம், நாதஸ்வரம், புகைப்படக்காரரின் அதட்டல். பிள்ளைகள், மருமகள்கள், பேரக் குழந்தைகள் ஆகியோர் புடைசூழ, கூச்சத்துடன் மறுபடியும் தாலி கட்டிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்க்க அழகாகவே இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டோம். தை அமாவாசையன்று, இன்று பௌர்ணமி என்று சரபோஜி மன்னரிடம் சொல்லிவிட்ட அபிராமி பட்டருக்காக அம்பிகை வானத்தில் நிலவைக் காட்டியதாகச் சொல்வதும் இந்தத் தலத்தில்தான். குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தோம். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணவில்லை.

அதே பிராகாரத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் நம் வீட்டுப் பழக்கூடை. காலடியில் தாயாருடைய கைப்பை, தண்ணீர்க் கூஜா, குழந்தையின் குடை.

"என்ன அத்தை, இங்கே உட்கார்ந்துவிட்டீர்களே?"

"நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். சாமான்களை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?"

எந்த வருத்தமும் அந்தக் குரலில் இல்லை. அதனாலேயே நமக்குப் பேச வாய் எழவில்லை. அப்போது தகப்பனார் நம்மை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எழுபத்தாறு வயதாகி, முழங்கால் வலியுடன் இருப்பவர். குனிந்து, அக்காளுடைய மடியிலிருந்த கூடையை எடுத்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி மெள்ளத் தரையில் உட்கார்ந்தார்.

"நீ போய் வா, அக்கா. நான் பார்த்துக்கொள்கிறேன்."

"உனக்கு முழங்கால் வலிக்குமேடா?"

"வலிக்கட்டும்."

அத்தை எழுந்தார். குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்நிதியில் அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, நாம் வாய் திறப்பதற்கு முன்னால் அத்தையே தம் பெயரைச் சொன்னார். "சதயம்" என்று உரக்கச் சொன்னார். தாயார் கொண்டுவந்த பூச்சரம் அம்மனுக்குச் சாத்தப்பட்டுப் பிரசாதமாகத் திரும்பி வந்தது. அதைக் குழந்தை அத்தையின் கையில் சுற்றிவிட்டாள். தலையில் வைக்கலாமா, கூடாதா என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. அத்தை மட்டும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிக்குத் தரங்கம்பாடிக் கடற்கரையில் இருந்தோம். டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் கட்டிய கோட்டை அப்படியே நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு பாதிரியார் வந்து இறங்கி, சில வருஷங்களில் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டதும் இங்கேதான். இந்த ஊருக்குத் தமிழ் வாத்தியார்கள் எல்லாருமே கடன்பட்டவர்கள். அத்தைக்கு அதெல்லாம் அக்கறையில்லை. அவர் மாசிலாமணிநாதர் கோயிலைத் தேடினார். 1306-ஆம் வருஷத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பிய கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோயிற்று. "நாங்கள் விளையாடுகிறபோது கோயிலுக்கு அப்பால் எவ்வளவு மணல் இருந்தது!" என்று பாறாங்கற்களைக் காட்டிச் சொன்னார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை வந்ததை மீன் விற்கும் ஓர் அம்மாள் அவருக்கு விவரித்தார். இரண்டு பேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள்.

ஆறேகால் மணி. மேற்கே சூரியன் மறைந்தது. கிழக்கே சந்திரன் எழும்ப வேண்டிய இடத்தில் கருமேகம் ஒன்று திரைச்சீலை மாதிரி தொங்கிற்று. இவ்வளவு கணக்குப் போட்ட நாம் மேகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை! ஆறரை ஆயிற்று, ஆறே முக்காலும் ஆயிற்று. டிரைவர் மணியைப் பார்த்தார். மனைவி நம்மைப் பார்த்தாள். தகப்பனார் கூடையுடன் மணலில் உட்கார்ந்து, "இருக்கட்டும், அவசரம் என்ன?" என்றார்.

ஏழு மணிக்குச் சிறிது பின்னால் மேகத்தின் மேல்விளிம்பு வெளுத்தது. பிறகு கொஞ்சங் கொஞ்சமாக, பழுத்த நாரத்தம்பழம் போல், சந்திரன் வெளியே வந்தது. கடலிலிருந்து எழும்பும் காட்சி இல்லைதான். ஆனாலும் அலைகளின்மீது வெள்ளிப் பாதை ஒன்று நம் காலடி வரை வந்து சேர்ந்தது. அத்தை கும்பிடவில்லை. பூச்சரம் சுற்றிய கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

குழந்தை பாட்டனாருடைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தாள். அந்தப் பழைய கையெழுத்துக்குக் கீழே 998 என்று எழுதித் தேதியைப் போட்டாள்.

"இன்னும் இரண்டு குறைகிறதே, பாட்டி?"

"அந்த இரண்டையும் நந்தனத்து மொட்டை மாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அத்தை. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "நீயும் படியேறி வர வேண்டும், முழங்காலுக்குத் தைலம் தடவி விடுகிறேன்" என்றார்.