கோட்டுக்கு வெளியே தொடங்கும் ஆட்டம்

குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டிகளில் விசில் ஊதுபவர்கள் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்கள்தான். திருப்போரூரிலும் அப்படித்தான், செங்கல்பட்டிலும் அப்படித்தான். ஃபவுலோ டிராவலிங்கோ அவர்கள் கண்ணிலிருந்து எளிதில் தப்பாது. ஆனால் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனதும் ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது. பந்து கிடைத்த மாணவன் அதை எடுத்து, தோன்றிய இடத்தில் நின்று, உள்ளே எறிகிறான். நடுவரின் கை பந்தில் படுவதே இல்லை. இந்த வழக்கம் மாற வேண்டும். பந்தை இப்படி உள்ளே எறியும் த்ரோ-இன்னைக் கவனமாக நடத்தாத நடுவரிடம் ஒரு போட்டியின் கடைசி நிமிடத்தை நம்பி ஒப்படைக்க முடியாது.

உலகக் கூடைப்பந்தின் மிகப் பெரிய சச்சரவே ஒரு த்ரோ-இன்னில்தான் வெடித்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். மூன்று நொடிகள் மீதமிருக்க, டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு அமெரிக்காவுக்கு 50-49 என முன்னிலை தந்தார். சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. டைம்-அவுட் கேட்டதாக மேசையருகே எழுந்த கூச்சலில், ஒரு நொடி மீதமிருக்கும்போது ஆட்டம் நின்றது. சர்வதேசக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து மூன்று நொடிகளைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். கடிகாரத்தைத் திருத்தி முடிக்கும் முன்பே நடுவர் பந்தைக் கொடுத்துவிட்டார். எறிந்த பந்து பலன் தரவில்லை, சங்கும் ஊதியது, அமெரிக்கர்கள் வென்றதாகக் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். கடிகாரம் சரியாக வைக்கப்படவில்லை என்று மூன்றாவது முறையும் எறியச் சொன்னார்கள். இவான் எதெஷ்கோ ஆடுகளத்தின் மறுமுனைவரை வீச, அலெக்ஸாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார். 51-50.

எதெஷ்கோவை மறித்து நின்ற நெட்டையர் டாம் மெக்மில்லன், அந்த மூன்றாவது முறையில் பின்வாங்கிப் போனார். நடுவர் கை காட்டியதால்தான் விலகினேன் என்பது அவர் தரப்பு. நடுவர் அதை மறுத்தார். மேல்முறையீடு 3-2 என்ற வாக்கில் தள்ளுபடியானது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, கடிகாரம் தயாரா என்று பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுத்திருந்தால் இரண்டாவது த்ரோ-இன் அப்படிக் கெட்டிருக்காது.

இன்றைய சர்வதேச விதி இந்த இடத்தில் மிகத் துல்லியமாக இருக்கிறது. எறிய வேண்டிய இடத்தை நடுவர் காட்ட வேண்டும். பந்தை அவரே கையில் கொடுக்க வேண்டும், அல்லது எறிபவர் எடுத்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். எறிபவரிடமிருந்து 4 மீட்டருக்குள் நடுவர் நின்றால் தூக்கியோ தரையில் தட்டியோ அனுப்பலாம். பந்து கைக்கு வந்ததிலிருந்து 5 நொடி. அதற்குள் பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது, பின்னால் எவ்வளவும் போகலாம். எதிரணிக்காரரின் கை கோட்டைத் தாண்டி வெளியே வரக்கூடாது. கூடை விழுந்த பிறகு எறிவது வேறு கணக்கு: அங்கே பந்து நடுவர் கை வழியாக வர வேண்டியதில்லை, எறிபவர் பின்கோட்டுக்கு வெளியே நெடுக ஓடவும் செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எல்லா த்ரோ-இன்னையும் மாணவர்கள் தாமாகவே எடுக்கிறார்கள்.

அந்த 5 நொடிக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் எழுதிய 13 விதிகளிலேயே அது இருக்கிறது. அப்போது வெளியே போன பந்தை முதலில் தொட்டவருக்கே எறியும் உரிமை. அதனால் வீரர்கள் முட்டி மோதிக்கொண்டு பந்தைத் துரத்தினார்கள். கடைசியாகத் தொட்ட அணியின் எதிரணிக்குப் பந்து என்ற ஏற்பாடு பிறகுதான் வந்தது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். மூலத்தோடு இவ்வளவு நெருங்கிய உறவுள்ள மாநிலம், அந்த விளையாட்டின் ஆதி விதிகளில் ஒன்றை இவ்வளவு அலட்சியமாக நடத்தலாமா?

உள்ளூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோட்டைச் சுற்றி 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பது விதி. பள்ளி வளாகத்து சிமெண்ட் தளங்களில் அதற்குள்ளேயே மதிலோ கம்பி வேலியோ மரமோ வந்துவிடும். அத்தகைய இடத்தில் மறிப்பவர் எறிபவரிடமிருந்து 1 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டியவர் நடுவர். அவர் பேசாமல் நின்றால், வேலிக்கும் எதிராளிக்கும் நடுவே நசுங்கும் மாணவனுக்கு 5 நொடி எதற்கும் போதாது.

மேசையில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவரையும் மறந்துவிடக்கூடாது. எறிந்த பந்தை உள்ளே இருக்கும் ஒருவர் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். நடுவர் உயர்த்திய கையைக் கீழே வெட்டி இறக்குவது அதற்கான சைகை. எறிந்த கணத்திலேயே பொத்தானை அழுத்திவிட்டால், ஒரு புள்ளி வித்தியாசத்தில் தொங்கும் ஆட்டத்தில் அந்த ஒரு நொடி ஒரு அணியிடமிருந்து பறிபோகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. அடுத்த குறுவட்டப் போட்டிக்கு முன்பு மாவட்டக் கல்வித் துறை அரை நாள் பயிற்சி நடத்தலாம். பந்தைக் கொடுக்கும் முன் சக நடுவரைப் பார்ப்பது, மேசையைப் பார்ப்பது, இடத்தைக் காட்டுவது, பிறகு கையை வீசி 5 எண்ணுவது ஆகிய நான்கையும் தளத்தில் இறங்கிச் செய்து பழக வேண்டும். ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் மாணவர்களையும் அதே பயிற்சிக்கு அழைத்து வர வேண்டும்.