கூடினால் புகை, குறைந்தால் ஓட்டை

பந்தயத்துக்குத் தயாரித்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிஸ்டனின் தலையில் நாணயம் அளவுக்கு ஓட்டை. அனுபவமுள்ள மெக்கானிக் பிஸ்டன் செய்த கம்பெனியைத் திட்டமாட்டார். எரிபொருள் பம்பையும் இன்ஜெக்டரையும்தான் முதலில் சோதிப்பார். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்: காற்று தாராளமாகப் போயிருக்கிறது, பெட்ரோல் போகவில்லை.

கணக்கு எளிமையானது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 9,000 லிட்டர் காற்றை விழுங்குகிறது. இரண்டும் மிச்சமில்லாமல் தீரும் இந்த நிலைக்கு லாம்டா 1 என்று பெயர். ஆபீசுக்குப் போய்வரும் காருக்கு இது போதும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் இதுதான் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிப்பவருக்கு இது ஆகாது. அதிகபட்ச சக்தி கிடைப்பது 12.5-க்கும் 13-க்கும் இடையில். டர்போ பொருத்திய இன்ஜின் என்றால் 11.5, 12 என்று இன்னும் இறங்குகிறார்கள். அந்த உபரி பெட்ரோல் எரிவதற்காக அல்ல. ஆவியாகும்போது சூட்டைக் குடித்துவிட்டுப் போவதற்காக.

குடிக்கத்தான் வேண்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. பிஸ்டனை ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. கலவை மெலிந்து சூடேறினால், தீப்பொறி பற்றவைத்த நெருப்பு வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. மேடு ஏறும் பழைய அம்பாசடரில் 'டக் டக்' என்று கேட்குமே, அந்த நாக்கிங்தான். சாதா காரில் அது எரிச்சலூட்டும் சத்தம். 7,000 சுற்றில் ஓடும் டர்போ இன்ஜினில் அந்தப் படலத்தையே கிழித்துவிடும். டிரைவர் காதில் விழுவதற்குள் கதை முடிந்திருக்கலாம்.

சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்கள் பறந்த கார்ப்பரேட்டர் காலத்தில் கருவி என்றால் ஸ்பார்க் பிளக்தான். கழற்றிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம், இளம் பழுப்பு என்றால் சரி. ஜெட்டை மாற்றிவிட்டு மறுபடி ஒரு சுற்று. பிறகு சைலன்சர் குழாயில் உட்கார்ந்து ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் லாம்டா சென்சார் வந்தது. 1976-ல் வால்வோ காருக்காக பாஷ் கம்பெனி கொடுத்தது அது. ஆனால் அது சொல்வது ஆமாம், இல்லை என்ற இரண்டே பதில். 14.7-க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதோடு சரி. எவ்வளவு தூரம் என்று சொல்ல 1990-களில் வந்த 'வைட்பேண்ட்' சென்சார் தேவைப்பட்டது. டியூனிங் தொழிலையே மாற்றியது அதுதான்.

அதுவும் பொய் சொல்லும். சைலன்சர் குழாயில் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே வந்து, பெட்ரோல் குறைவு என்று காட்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் தவறினாலும் அப்படியே: எரியாத ஆக்ஸிஜன் நேராக சென்சாருக்குப் போகிறது. பெட்ரோல் அதிகமாகித்தான் சிலிண்டர் தவறுகிறது, மீட்டரோ குறைவு என்கிறது. நம்பி இன்னும் ஊற்றினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்; கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். எனவே லாப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே கசிவு, பிளக், எரிபொருள் அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுவதுதான் முறை. இன்ஜெக்டர் தன் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே கிடக்கிறது என்றால் டியூன் செய்ய ஒன்றுமில்லை. பெரிய இன்ஜெக்டர் வாங்க வேண்டும்.

மற்றது பொறுமை. பெட்ரோலைத் தாராளமாகவும், தீப்பொறியைச் சற்றுத் தாமதமாகவும் வைத்துத் தொடங்குவார்கள். குறைந்த பாரத்தில் சரிசெய்த பிறகே கூடுதல் பாரம். முழு மிதி சில விநாடிகள்தான். பிறகு இன்ஜின் ஆற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். சக்தி ஏறுவது நின்றதும் கலவையைச் சுருக்குவதை நிறுத்திவிட வேண்டும். கடைசி இரண்டு குதிரைசக்திக்கு ஆசைப்பட்டுத்தான் பல இன்ஜின்கள் போயிருக்கின்றன. இதையெல்லாம் செய்ய டைனோ என்ற உருளை மேடை இருக்கிறது. வாடகை மிச்சம் என்று நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயிலோ ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் மடியில் லாப்டாப்பைத் தட்டுவது இன்ஜினுக்கு மட்டும் ஆபத்தானதல்ல.

இப்போது புதிய சிக்கல் பங்க்கிலேயே இருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. எத்தனால் தன்னோடு ஆக்ஸிஜனைக் கொண்டுவருவதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும்: சுத்த எத்தனாலுக்கு 9, இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது அதே காற்றுக்கு சுமார் 8 சதவீதம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். மெதுவாகப் போகும்போது சென்சார் பார்த்துக்கொள்ளும். முழு மிதியில் பல கார்கள் சென்சாரைக் கேட்பதில்லை, நினைவில் இருக்கும் அட்டவணைப்படி ஊற்றுகின்றன. சுத்த பெட்ரோலில் லாம்டா 0.85 என்று பத்திரமாக வைத்த இன்ஜின், புதுக் கலவையில் 0.92-க்கு மெலிந்துவிடும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், குளிர்ச்சியும் அதிகம் என்பதால் ஓரளவு தப்பிக்கலாம். சக்தியை விளிம்புவரை இழுத்திருந்தால் அதை நம்ப முடியாது.

மீட்டரும் குழப்பும். பெரும்பாலான வைட்பேண்ட் மீட்டர்கள் லாம்டாவை அளந்து, 14.7-ஆல் பெருக்கிக் காட்டுபவை. டாங்கில் எத்தனால் கலவை இருக்கும்போது அது 12.5 என்றால் உண்மை 11.5-ஐ ஒட்டி இருக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் மீட்டரை லாம்டாவுக்கே மாற்றிவிடுகிறார்கள். டியூன் செய்த தேதிக்குப் பக்கத்தில், அன்று டாங்கில் இருந்தது எந்தப் பெட்ரோல் என்றும் குறித்துவைக்கிறார்கள்.