தாட்சண்ய மார்க்கு

வாத்தியார் தொழிலில் இருபது வருஷம் உழன்றவர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடுகிறது. முப்பத்து மூன்று மார்க்கு வாங்கிய பையனின் தாளைக் கண்டால் கை தானாகவே இரண்டு மார்க்கைக் கூட்டிவிடும்! நமக்கும் அந்த வியாதி உண்டென்பதை நேயர்களிடம் ஒப்புக்கொள்கிறோம். பூகோளத்தில் இரண்டு மார்க்கு தாட்சண்யம் காட்டினால் பூமி பிளந்துவிடாது. ஆனால் பிளந்துவிடக்கூடிய ஓர் இடத்தைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பார்த்தோம்.

உறவுப் பாட்டி ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாம் துணைக்கு உட்கார்ந்திருந்தோம். காலையில் நர்ஸ் படிப்பு மாணவி ஒருத்தி வந்தாள். கல்வராயன் மலைக் கிராமத்துப் பெண். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். பணிவும் புன்னகையும் நிறைந்தவள். தர்மாமீட்டர் வைத்தாள், நாடி பார்த்தாள், மூச்சு நிமிஷத்துக்கு 20 என்று எழுதினாள்.

பின்னால் நின்ற ஆசிரியை, "மூச்சை எப்பொழுது எண்ணினாய், அம்மா?" என்று கேட்டார்.

பதில் இல்லை. நேற்றைய தாளில் 20 இருந்தது. அதுவே இன்றைக்கும் வந்துவிட்டது!

"கடிகாரத்தைப் பார். முழு நிமிஷம் எண்ணு."

எண்ணினாள். 28. உடனே டாக்டருக்கு ஆள் போயிற்று. பாட்டிக்கு நிமோனியா தொடங்கியிருந்தது.

மூச்சை எண்ணுவது அற்ப விஷயமென்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் விஷச் சாராயம் இந்த ஊரைச் சுடுகாடாக்கியதை மறக்க முடியுமா? அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மெதனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் மங்குவதும் மூச்சு வேகமாவதும் அதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நேற்றைய 20-ஐ இன்று எழுதினால் என்ன ஆகும்?

வராந்தாவில் ஆசிரியை நம்மிடம் மனம்விட்டுப் பேசினார். "எழுத்துப் பரீட்சையில் இவள் எண்பது வாங்குவாள். வார்டில் நிறுத்திவைத்தால், 'படித்தது போதும்' என்று வீட்டில் கல்யாணம் பேசிவிடுவார்கள். நான் என்ன செய்ய?"

இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தில் காத்லீன் டஃபி என்னும் அம்மையார் 2003-இல் இதையே ஆராய்ந்தார். தேறாத மாணவியென்று தெரிந்தும், தோல்வி என்று எழுத மூத்த நர்ஸுகள் தயங்குவதைக் கண்டார். 1990-இல் ஜார்ஜ் மில்லர் என்பவர் தேர்ச்சிக்கு நான்கு படிகள் சொன்னார்: அறிதல், வழி அறிதல், செய்து காட்டுதல், அன்றாடம் செய்தல். நம் பரீட்சைகள் பெரும்பாலும் முதற்படியிலேயே களைத்து உட்கார்ந்துவிடுகின்றன. நான்காம் படியைக் காண வார்டுக்குத்தான் போகவேண்டும். அதுவும் ஒரே நாள் போனால் போதாது.

தாட்சண்ய மார்க்கைக் கொடுப்பவர் நாம். அதன் விலையைக் கொடுப்பவர் யார்? வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மலையிறங்கி வரும் ஏழைத் தாய். நர்ஸின் கணக்குச் சரியா என்று அவள் எப்படிக் கேட்பாள்? ஆகவே தாட்சண்யம் கருணையாகாது. பிறர் பையிலிருந்து எடுத்துச் செய்யும் தர்மம் அது.

ஆனால், வருஷம் முழுதும் வாய் திறவாமலிருந்து, கடைசி நாளில் "நீ தேறவில்லை" என்பதும் அநியாயமே. குறையை முதல் வாரமே சொல்லவேண்டும், செய்து காட்டவேண்டும், மறுபடி பார்க்கவேண்டும். ஓர் ஆசிரியையின் தலையில் கணக்கற்ற மாணவிகளைக் கட்டினால் இது நடக்குமா? அதைக் கல்லூரி நடத்துவோர் யோசிக்கட்டும்.

நம் ஆசிரியை அப்படியே செய்தார். அன்றைய தேதியிட்டுப் பூஜ்யம் போட்டார்; காரணத்தை மாணவியிடமே சொன்னார். மூன்றாம் நாள் அந்தப் பெண் மீண்டும் வந்தாள். கடிகாரத்தில் கண்ணை வைத்து, உதடு அசைய எண்ணினாள்.

"என்ன அம்மா, ஜபமா?" என்றார் பாட்டி.

முழு நிமிஷம் முடிந்த பிறகுதான் பதில் வந்தது: "ஆமாம், ஆயா!"

ஆசிரியை புதிய தேதியிட்டு முழு மார்க்குப் போட்டார். பழைய பூஜ்யத்தை அழிக்கவில்லை. இரண்டும் உண்மை அல்லவா?