தைரியம் ஊர்ப் பொதுச் சொத்து

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியை நிலையத்திலேயே நிறுத்திவைத்ததால் சுமார் 800 பயணிகள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் எந்தப் பக்கமும் நகர வழியில்லை. ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்க, மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாகத் தங்கினார்கள். மீட்புப் படையினர் வந்து சேரும்முன்பே அவர்களுக்குச் சோறு வந்தது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துக் கொடுத்த சோறு அது. அவர்கள் ஊரைச் சுற்றியும் அதே வெள்ளம்தான்.

அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பொதுவாக வானம் பார்த்துக் கிடக்கும் சீமை. ஓராண்டு மழையை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டது. யாருக்கும் எதுவும் நிச்சயமில்லாத அந்த நேரத்தில் ரயிலில் இருந்தவர்களிடம், “மனசைத் தளர விடாதீங்க” என்று மட்டும் யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும், பசித்த பிள்ளையை வைத்திருப்பவர் காதில் அது ஏறியிருக்காது. சோற்றுப் பானையோடு ஒருவர் வந்து சொல்லும்போதுதான் அதே சொல்லுக்கு உயிர் வருகிறது.

இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். நம்பிக்கையைத் தனி மனிதரின் மனவலிமையாக மட்டும் பார்த்து, கலங்கி நிற்பவர் தலையிலேயே அந்தப் பாரத்தையும் ஏற்றிவிடுகிறோம். சுற்றியிருப்பவர்கள் அவரவர் பங்கைச் செய்தால் நம்பிக்கை தானாக ஊறும்.

முதல் மூன்று நாட்கள் எந்த ஊரிலும் இது நடந்துவிடுகிறது. படகு வரும், உணவுப் பொட்டலம் வரும், தொலைக்காட்சி கேமராவும் வரும். உண்மையான சோதனை மூன்றாவது வாரத்தில்தான். அதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும், ஆனால் வீட்டுக்குள் சேற்று வாடை போயிருக்காது. ரேஷன் கார்டு, நிலப் பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கிழியாமல் பிரித்து மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போட வேண்டும். தாமிரபரணிக் கரையில் வாழை போட்டவருக்குக் கடன் தவணை நிற்காது. உப்பளத் தொழிலாளிக்குப் பாத்தி சரியாகும்வரை கூலி கிடையாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று அரசு கொடுத்த நிவாரணம் அடுப்பெரிய உதவியது. ஆனால் மாவு மெஷினையோ தையல் மெஷினையோ இழந்தவர் மறுபடி தொழிலில் உட்கார அது போதாது. மனம் உடைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்போது சான்றிதழ் நகல் கேட்டு வருபவரை “நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பாத அலுவலர், வாடகையைத் தள்ளி வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர், பழைய பாக்கியைக் கேட்காமல் அரிசி தரும் மளிகைக் கடைக்காரர், இவர்கள்தான் ஊரைத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

செய்தியைக் கையாள்வதிலும் நமக்குப் பொறுப்பு உண்டு. 2015 சென்னை வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பண்ணையே மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே பயந்து கிடக்கும் ஊரில் இப்படியொன்றைப் பரப்பிவிடுவது சிறிய குற்றமல்ல. அரசுக்கும் இதே கடமை பொருந்தும். 2023 தென்மாவட்ட மழைக்குப் பிறகு, முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று மத்திய, மாநில அரசுகள் மாறி மாறி வாதம் செய்தன. யார் சொன்னது சரி என்பதைவிட, எச்சரிக்கை கடைசித் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே மக்களுக்கு முக்கியம். அணையில் எவ்வளவு நீர் திறக்கிறோம், அது எந்த ஊருக்கு எப்போது வரும் என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் மக்கள் பீதியடைய மாட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். கட்சிகள் இந்த ஒரு விஷயத்திலாவது ஒரே குரலில் பேசவேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இரண்டு கிராம சபைக் கூட்டங்கள் வருகின்றன. தனியே இருக்கும் முதியவர்கள் யார், இன்சுலின் போடுபவர்கள் யார், நிறைமாதக் கர்ப்பிணிகள் எந்த வீட்டில், மாடி வீட்டைத் திறந்துவிடச் சம்மதிப்பவர்கள் யார், பெரிய அண்டாவும் விறகும் யாரிடம் இருக்கின்றன என்று தெருவாரியாக ஒரு பட்டியல் போட அங்கே ஒரு மணி நேரம் போதும். ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் அடைபட்டுக் கிடக்கும் இடங்களைத் தீர்மானமாக எழுதி, தூர்வாரும் தேதியை அதிகாரியிடம் அங்கேயே கேட்டு வாங்கலாம். நகரங்களில் வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு இதே பட்டியலைக் கையில் கொடுக்கலாம். இந்த முறை அந்தக் கூட்டங்களுக்கு வீட்டுக்கு ஒருவராவது போய் உட்காருங்கள்.