கழிவிலிருந்து கலையா, கலையிலிருந்து கழிவா?

நீண்ட பதிவு. ஆண்டுதோறும் தம் துறையிலோ விடுதியிலோ 'கழிவிலிருந்து கலை' போட்டி நடத்துபவர்களும், அவற்றுக்கு நடுவர்களாகச் செல்பவர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். இங்குக் குற்றம் சாட்டப்படுவோருள் நானும் ஒருத்தி.

சென்ற பருவத்தில், புனேயிலுள்ள ஒரு மாணவியர் விடுதியில் நடந்த போட்டிக்கு மூன்று நடுவர்களுள் ஒருவராக அழைக்கப்பட்டிருந்தேன். தலைப்பு வழக்கமானதுதான்: வீட்டுப் பயன்பாட்டுக்கான எளிய, செலவு குறைந்த கைவினைப் பொருள். முதற்பரிசு பெற்றது குளிர்பான பாட்டில்களை வெட்டிச் செய்த ஒரு சரவிளக்கு. பொன்னிற வண்ணம், மினுக்குத் தூள், சூட்டுப் பசைத் துப்பாக்கி, கடையில் வாங்கிய புதிய மின்விளக்குச் சரம் ஆகியவை அதற்குத் தேவைப்பட்டிருந்தன. பாட்டில்கள் போதவில்லை என்பதால் போட்டிக்கென்றே சிலவற்றை வாங்கிக் குடித்துக் காலி செய்ததாக அந்தக் குழுவினரே சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

கடைசி மேசையில் ஒரு கோதடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. நைந்த பருத்திப் புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் மராத்திய வீடுகளின் போர்வைதான் கோதடி. வீட்டு வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் தன் தாயுடன் சேர்ந்து, கோடை விடுமுறை முழுவதும் அமர்ந்து அதைத் தைத்ததாக முதுகலை மாணவி ஒருவர் கூறினார். உடனிருந்த நடுவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எல்லார் வீட்டிலும் செய்வதுதானே? இதில் படைப்பூக்கம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. பத்துக்கு நான்கு மதிப்பெண் இட்டுவிட்டு நகர்ந்தேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் அந்தச் சரவிளக்கை விடுதியின் குப்பைத் தொட்டியருகே கண்டேன். கோதடி அந்த மாணவியின் கட்டிலில் இருக்கிறது. நான் இட்ட மதிப்பெண் எவ்வளவு பிழையானது என்பதை அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். அந்தப் பிழை என் தனிப்பட்ட ரசனையைச் சார்ந்ததன்று. நாம் பயின்ற கல்வியிலேயே அதன் வேர் இருக்கிறது.

முதலில் 'கழிவு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். காலியான குளிர்பான பாட்டில் கழிவு அன்று. இந்திய நகரங்களில் அதற்கு விலை உண்டு. குப்பை சேகரிப்பவர் அதை எடுத்துப் பழைய பொருள் கடைக்கு விற்பார். அங்கிருந்து அது மறுசுழற்சி ஆலைக்குச் சென்று பாலியெஸ்டர் இழையாக மாறும். இந்தச் சங்கிலியின் முதற்கண்ணியாக இருப்பவர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பதைப் புனேயில் வாழ்பவர் எவரும் அறிவர். அவர்கள் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் சங்கமாகத் திரண்டு, குப்பையைப் பிரித்தெடுப்பதும் உழைப்பே என்று வாதாடி வென்ற நகரம் இது. அந்த நகரத்தின் ஒரு விடுதியில் நாம் என்ன செய்கிறோம்? விற்கத்தக்க பாட்டிலின் மீது வண்ணமும் பசையும் மினுக்குத் தூளும் பூசி, எந்தக் கடைக்காரரும் வாங்க மறுக்கும் பொருளாக அதை மாற்றுகிறோம். மினுக்குத் தூளே நுண்ணிய நெகிழித் துகள்தான். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பள்ளிச் செயல்திட்டம் என்ற பெயரில் அது இன்றும் குழந்தைகளின் கைகளில் திரிகிறது. கழிவு இல்லாத இடத்தில் கழிவை உண்டாக்கி, அதற்குச் சூழலியல் விழிப்புணர்வு என்று பெயர் சூட்டிச் சான்றிதழும் வழங்குகிறோம்.

அடுத்து, 'செலவு குறைந்த' என்னும் அடைமொழி. யாருடைய செலவு? பசைத் துப்பாக்கி, வண்ணம், விளக்குச் சரம், அட்டை ஆகிய அனைத்தும் கடையில் காசு கொடுத்து வாங்கியவை. பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை நோட்டை நீட்டும். மறுநாள் காலை செயல்திட்டம் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தாய் எழுதுபொருள் கடைக்கு ஓடுவார். நள்ளிரவு வரை வெட்டி ஒட்டுவதும் அவரே. மதிப்பெண் மட்டும் குழந்தைக்கு. வாங்க வசதியற்ற வீட்டிலிருந்து வரும் குழந்தை, 'எளிய, செலவு குறைந்த' செயல்திட்டத்திலேயே தோற்றுப் போகிறது.

கோதடிக்குக் காசு செலவாகவில்லை என்பது உண்மை. ஆனால் அதுவும் செலவற்றது அன்று. ஒரு கோடைக்காலத்தின் பிற்பகல்கள் அதற்குள் தைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நேரத்துக்கு நாம் விலையிடுவதில்லை என்பதால்தான் அது மலிவாகத் தோன்றுகிறது. 2019இல் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களை. இதனினும் கொடியது ஒன்று உண்டு. நாம் மேற்கோள் காட்டும் தொழிலாளர் கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவரின் செயல்நிலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. வீட்டு வேலைகளோடு, விறகு சேகரித்தல், வீட்டுப் பயன்பாட்டுக்கான தையல், நெசவு முதலியவற்றிலும் ஈடுபடும் பெண்ணுக்கு அளிக்கப்படும் எண் 93. அந்த எண்ணைப் பெற்றவர் உழைப்புச் சக்திக்கு வெளியே உள்ளவராகக் கொள்ளப்படுவார். அதாவது, அவர் தைக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்தே 'உழைக்காதவர்' என்று எழுதிக்கொள்கிறது. நாம் நான்கு மதிப்பெண் இடுவதற்கு முன்பே அந்தத் தையலுக்குச் சுழியம் இடப்பட்டுவிட்டது.

இனி, 'படைப்பூக்கம் எங்கே' என்னும் கேள்விக்கு வருகிறேன். கோதடியை ஒரு முறையேனும் கவனித்துப் பார்த்திருந்தால் அக்கேள்வி எழுந்திராது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், விறைப்பு இருக்கும். நூறு முறை துவைத்த பருத்தியே உடம்புக்கு இதமானது. ஆகவே பழைய துணி என்பது இங்கு வறுமையின் கட்டாயம் மட்டுமன்று, பொருளறிந்த தேர்வும்கூட. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கிறது. நைந்த பகுதி உள்ளே போகுமாறும் உறுதியான பகுதி மேலே வருமாறும் அடுக்கத் தெரிய வேண்டும். நெருக்கமான ஓட்டுத் தையல், எந்த ஓர் அடுக்கின் மீதும் முழு இழுவிசை விழாதபடி அதைப் பகிர்ந்தளிக்கிறது. மேல்துணி கிழிந்தால் அதன் மீதே இன்னொரு புடவையைப் பரப்பித் தைத்துவிடலாம். போர்வை மீண்டும் தொடங்கும். பழுதுபார்ப்பதற்கு வழிவிட்டுப் பொருளை வடிவமைப்பது பற்றி வடிவமைப்புத் துறையினர் இன்று கருத்தரங்குகள் நடத்துகின்றனர். ஒருவரேனும் கோதடி தைக்கும் பெண்ணைப் பேச அழைத்திருக்கிறார்களா?

இது மராத்தியருக்கு மட்டும் உரியதன்று. வங்கத்தின் காந்தா, பிகாரின் சுஜனி, வட கர்நாடகத்தின் கௌதி என்று இந்த அறிவு நாடெங்கும் பரவிக் கிடக்கிறது. நம் 'கந்தை'யும் வங்கத்தின் 'காந்தா'வும் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய காந்தாக்களில் தையல் நூலையே புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். அதற்கும் கடைக்குப் போகவில்லை. உத்தர கன்னட மாவட்டத்தின் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி, ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி நடுவை அடைகிறது. அதன் நான்கு மூலைகளிலும் 'பூலா' என்னும் சிறு மடிப்புத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். மலர் என்று பொருள். போர்வையின் சூட்டுக்கு அவை எதையும் சேர்ப்பதில்லை. அவை இல்லாமல் போர்வை முடிந்ததாக அவர்கள் கருதுவதும் இல்லை. அழகுணர்ச்சி வசதி படைத்தவரின் உடைமை என்று நினைப்பவர்கள் இந்த நான்கு மூலைகளைப் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது, 'இவையெல்லாம் இப்போது மதிக்கப்படுகின்றனவே' என்பது. ஆம், மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவும் பிகாரின் சுஜனியும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பெருநகரக் கடைகளில் காந்தாத் தையலிட்ட புதுப்பட்டு கண்ணாடிப் பேழைக்குள் தொங்குகிறது. ஆனால் என்ன நேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழந்துணியைப் புதுப்பிக்கும் முறையாக இருந்த ஒன்று, புதுத்துணியை அலங்கரிக்கும் வேலையாக மாறியிருக்கிறது. விலையேறியது தையலின் தோற்றத்துக்கு. கிழிந்ததை மீட்கும் அறிவுக்கு அன்று. விலைக்கு விற்கும்போது கைவினை, அருங்காட்சியகத்தில் வைக்கும்போது கலை, வீட்டில் போர்த்திக்கொள்ளும்போது வெறும் வீட்டு வேலை என்னும் இந்த மூன்று அடுக்குப் பாகுபாட்டை ஆய்வுலகமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. 'வறுமையைப் போற்றுகிறாயா? உழைக்கும் சாதியினரின் பிள்ளைகளை மீண்டும் ஊசியும் நூலும் பிடிக்கச் சொல்கிறாயா?' இதைக் கேட்கும் உரிமை தமிழருக்கு வேறெவரையும்விட அதிகம். 1953இல் சென்னை மாநிலத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. பிறப்பைக் கொண்டு தொழிலைப் பிரித்துக் கொடுக்கும் எந்தக் கல்வியும் கல்வியன்று.

ஆனால் என் கோரிக்கை அதற்கு நேர் எதிரானது. ஏழை வீட்டுப் பெண் தைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே தைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அறிந்தவரின் அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ளுங்கள், அறியாத நாம் அனைவரும் அதைக் கற்போம் என்கிறேன். பேராசிரியரின் மகனும் பொத்தான் தைக்கக் கற்கட்டும். கைவேலையை ஒரு சாரார் மீது சுமத்துவதும், அதே கைவேலைக்கு வகுப்பறையில் மதிப்பில்லை என்பதும் ஒரே சாதிய மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகள். முதலாவதை எதிர்த்துவிட்டு இரண்டாவதைக் காப்பாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இது நடக்காத காரியமும் அன்று. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே சோதனைகளை நடத்தியது. அதில் பங்கேற்ற அரவிந்த் குப்தா தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப்பின் சிறு துண்டுகளையும் கொண்டு வடிவியலைக் கற்பித்தார். முக்கோணத்தை அழுத்தினால் அது நிலைத்து நிற்கும், சதுரம் சாய்ந்துவிடும். கூரைச் சட்டகங்களில் முக்கோணம் ஏன் வருகிறது என்பது குழந்தையின் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பின்னர் பிரித்துவிட்டு வேறொன்று செய்யலாம். அங்கே மினுக்குத் தூளுக்கு வேலையே இல்லை. அந்தத் திட்டத்தை 2002இல் நிறுத்தினார்கள். சரவிளக்குப் போட்டிகளை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் பத்து நாள்கள் புத்தகப் பை இல்லாமல், தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் பயிலும் வாய்ப்பைப் பேசுகிறது. அந்தப் பட்டியலில் பழந்துணி தைக்கும் பெண்ணைச் சேர்க்க எது தடை? அவரை அழைக்கும்போது ஆசிரியராக அழையுங்கள். ஒரு நாள் சொற்பொழிவுக்குப் பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தாருங்கள். பூங்கொத்தும் சால்வையும் போதும் என்று நினைக்க வேண்டாம்.

போட்டிகளை நடத்தியே தீர வேண்டும் என்றால் விதிகளை மாற்றுவோம். புதிதாக எதையும் வாங்கக் கூடாது. ஒரு மாதமேனும் வீட்டிலோ அறையிலோ பயன்பட்ட பொருளை மட்டுமே வைக்க வேண்டும். கைப்பிடி மாற்றிய குடை, ஒட்டுப்போட்ட பை, அடிப்பகுதி தைத்த செருப்பு ஆகிய பழுதுபார்த்த பொருள்களும் படைப்புகளாக ஏற்கப்பட வேண்டும். செய்தவர் பெயருடன், கற்பித்தவர் பெயரும் செலவான மணிநேரமும் அட்டையில் எழுதப்பட வேண்டும். விடுதியின் சமையல், துப்புரவுப் பணியாளர்கள் போட்டியாளர்களாகவும் நடுவர்களாகவும் பங்கேற்க வேண்டும். போட்டி முடிந்தபின் அரங்கைப் போட்டியாளர்களே பெருக்க வேண்டும். அன்று தரையெங்கும் சிதறிய மினுக்குத் தூளை மறுநாள் காலை குனிந்து கூட்டியவர் யார் என்பது எனக்குத் தெரியும். பரிசளிப்பு விழாவில் நன்றியுரை ஆற்றியவருக்குத் தெரியாது.

அந்த மாணவியிடம் சென்ற வாரம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மதிப்பெண்ணுக்காகவா தைத்தோம், மேடம்? பழைய கோதடி கிழிந்துவிட்டது, குளிர்காலம் வருகிறதே என்று தைத்தோம்" என்றார். முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டதால் அதை மாற்ற வழியில்லை என்று விடுதி நிர்வாகம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டுக்கான விதிகளை மேற்கண்டவாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏற்கப்படுமா என்பது தெரியவில்லை. உங்கள் வளாகங்களிலும் இவற்றை எழுதிக் கொடுங்கள். மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் வாதிடலாம். 'கோதடி எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே' என்று தொடங்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையுடன் காத்திருக்கிறேன்.