எழுத்து யாருடைய பொறுப்பு?

வன்னி மண்ணில் பல்கலைக்கழகம் இல்லை என்ற குறை தீர்ந்துவிட்டது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தனித்து நிற்கிறது வவுனியாப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. காடும் போரும் தவிர வன்னியில் வேறென்ன உண்டு என்று கேட்டவர்களுக்கு இவை தக்க விடை. பம்பைமடுவில் எழுந்த கட்டிடங்களைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் கட்டிடத்துக்குள் நடப்பது என்ன என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகள் எழுதப் பழகுகிறார்களா?

எழுத்து என்றதும் கவிதையும் சிறுகதையும் நினைவுக்கு வருவது எம்மவரின் பழைய நோய். நாம் சொல்வது அதுவன்று. ஒரு வயலின் மண்ணைப் பரிசோதித்த மாணவி, தான் கண்டது என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது, தன் முடிவில் ஐயத்துக்கு இடமான பகுதி எது என்பவற்றை, இன்னொருவர் விளங்கி மறுத்துரைக்கக்கூடிய விதத்தில் ஒழுங்காக எழுதும் ஆற்றலையே சொல்கிறோம். கணக்கியல் படிப்பவனுக்கும் கணினி படிப்பவனுக்கும் இது வேண்டும். எழுதிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பதே மாணவனுக்குத் தெரிய வருகிறது. எழுதாதவன் தன் அறியாமையையும் அறியான்.

இன்றைய மாணவர் யார்? 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து தாயின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறி, செட்டிகுளத்து முகாம்களில் அகரம் கற்ற பிள்ளைகளும் அவர்களுள் உளர். க.பொ.த. உயர்தரம் வரையும் அவர்கள் படித்தது தமிழில். பரீட்சை அவர்களிடம் கேட்டது, மனப்பாடம் செய்த விடையை மூன்று மணி நேரத்துக்குள் இறக்கி வைக்கும்படி. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டியதும் விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் யாவும் ஆங்கிலத்தில். சிங்களத்தில் படித்துவிட்டு வவுனியாவுக்கு வரும் தென்னிலங்கைப் பிள்ளையின் நிலையும் இதுவே.

பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 5 இடங்களைக் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கென இந்நாடு ஒதுக்கியிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. அதாவது, இப்பிள்ளைகளுக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த ஒப்புதல் வாயிலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே வந்த பிறகு, கொழும்பின் பெரிய பாடசாலையிலிருந்து வந்தவனுக்கும் ஒட்டுசுட்டானிலிருந்து வந்தவளுக்கும் ஒரே அளவுகோல். இதனைச் சமத்துவம் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம்.

எழுத்துக் குறையைப் பற்றிப் பேசினால், "அதற்குத்தானே ஆங்கில அலகு இருக்கிறது" என்பது நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவற்றிலும் கேட்கும் பதில். இரசாயனம் கற்பிப்பவர், தாம் மொழி கற்பிக்க வந்தவரல்லர் என்கிறார். ஆங்கில அலகின் ஆசிரியரோ இரசாயனம் அறியார். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் திருத்திவிட்டுப் போகிறார். இடையிலே மாணவன் சென்ற ஆண்டு மாணவனின் ஆய்வுகூட அறிக்கையைப் பெற்று எண்களை மாற்றி ஒப்படைக்கிறான். அவனைக் கள்ளன் என்று ஏசுவது எளிது. எவரும் வாசிக்காத ஒப்படையை எவன் மனமொன்றி எழுதுவான்? இப்பொழுது செயற்கை நுண்ணறிவு இயந்திரம் வந்துவிட்டது. கேட்டதை நொடியில் பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதித் தருகிறது. பேராசிரியர்கள் திடுக்கிட்டு, கண்டுபிடிக்கும் கருவிகளைத் தேடுகிறார்கள். உயிரற்ற எழுத்தை ஆண்டாண்டு காலமாகக் கேட்டு வாங்கியவர்கள், அதை உயிரற்ற பொருள் எழுதித் தரும்போது மட்டும் பதறுவானேன்?

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று. இங்கிலாந்தில் புல்லொக் தலைமையிலான குழு 1975இல் வெளியிட்ட அறிக்கை, மொழி வளர்ச்சி மொழியாசிரியரின் பொறுப்பு மட்டுமன்று, எல்லாப் பாட ஆசிரியரின் பொறுப்பும் ஆகும் என்று கூறியது. அதே காலப்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில், எல்லாத் துறைகளிலும் எழுத்தைப் பயிற்றும் இயக்கம் பரவியது. அங்கே தாய்மொழியிற் படித்தவர்களுக்கே இது வேண்டியிருந்தது என்றால், இரவல் மொழியிற் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும்!

சுயபாஷைக்காக நின்ற இடதுசாரிகளாகிய நாமும் இவ்விடத்தில் எமது கணக்கைத் தீர்க்க வேண்டும். 1960இல் பேராதனையில் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியபோது முற்போக்காளர் வரவேற்றனர், அது சரியே. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே நின்றன. அரைக்கிணறு தாண்டியவர்களானோம். கலைத்துறையிலும் என்ன நடந்தது? விரிவுரைக் குறிப்பு தமிழில் வந்தது; அதை ஒப்புவிப்பதும் தமிழில் வந்தது. மொழி மாறிற்றேயன்றி முறை மாறவில்லை. ஆகவே தமிழைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று நாம் இன்று சொல்லவில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதற் சிந்தனை தாய்மொழியில் எழுத்தாகட்டும். அதன்மேல் ஆங்கிலம் கட்டப்படட்டும் என்கிறோம்.

"கலைச்சொல் எங்கே?" என்பார் சிலர். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அவரிடம் படித்த மாணவர்களே மொழிபெயர்ப்பில் கைகொடுத்தனர். இரண வைத்தியமும் கெமிஸ்தமும் நூல்களாக வந்தன. கலைச்சொல் முதலில் பிறந்து, பிறகு படிப்புத் தொடங்கவில்லை. படித்து எழுதியவர்களின் கையில்தான் சொல் பிறந்தது.

இது வெறும் கல்வி விவகாரம் என்று நினைப்போர்க்கு இரணைமடுவை நினைவூட்டுகிறோம். அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்ல, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு ஒரு திட்டம் 2010இல் வகுக்கப்பட்டது. சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது எப்படித் தருவது என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆனால் வங்கியின் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. கமக்காரனின் அறிவு அவன் வாயில் இருந்தது. குளத்தின் கொள்ளளவு, மழைவீழ்ச்சி, வாய்க்கால் இழப்பு ஆகியவற்றை இரு சாராரும் வாசித்து வாதிடத்தக்க தமிழில் எழுதக்கூடிய பொறியியலாளர் எத்தனை பேரை நாம் உருவாக்கினோம்? 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. வவுனியாவின் சிறுநீரக நோயாளிகளும் தம் கிணற்று நீரைப் பற்றி விளங்கும் மொழியில் எவரேனும் எழுதித் தர மாட்டார்களா என்றே காத்திருக்கிறார்கள்.

எமது சஞ்சிகைகளும் குற்றத்திற்கு விலக்கல்ல. கவிதை அனுப்பும் மாணவனுக்கு இடம் தருகிறோம். நெல்லின் நோயைப் பற்றி எழுதும் விவசாய மாணவியை நாம் தேடிப் போனதில்லை.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமன்று. ஒவ்வொரு பீடத்திலும், ஒவ்வோர் ஆண்டிலும், ஒரு பாடத்திலாவது மாணவர் ஒரே கட்டுரையை இருமுறை எழுதட்டும். முதற் பிரதியை அப்பாட விரிவுரையாளரே வாசித்து, சிந்தனை இடறிய இடத்தைக் காட்டட்டும். திருத்தி எழுதியதற்குப் புள்ளி கிடைக்கட்டும். ஆங்கில ஆசிரியர் ஆய்வுகூடத்துக்கு வந்து அவரோடு அமரட்டும். சிங்கள மாணவரின் முதற் பிரதியைத் தமிழ் விரிவுரையாளர் எப்படி வாசிப்பார் என்பது நியாயமான கேள்வி. மாணவர் தம்முள் குழுவாக வாசித்து, பொருளை அவருக்கு எடுத்துரைக்கலாம். இதில் சிக்கல் உண்டு; ஆனால் எழுதாமல் இருப்பதைவிடப் பெரிய சிக்கல் அன்று. மாணவரின் பிரதியை வாசிக்கும் நேரம் விரிவுரையாளரின் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வரும் ஒரு கட்டுரை பதவி உயர்வுக்கு உதவும், நூறு மாணவரின் பிரதியை வாசித்தது உதவாது என்ற விதி இருக்கும்வரை நல்லாசிரியரும் சோர்ந்தே போவார். இவ்விதியை மாற்றும்படி ஆசிரியர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

இறுதியாண்டு ஆய்வேடு ஒவ்வொன்றுக்கும் மாணவரே எழுதிய இரண்டு பக்கத் தமிழ் அல்லது சிங்களச் சுருக்கம் கட்டாயமாகட்டும். குளத்தைப் பற்றிய ஆய்வெனில், அச்சுருக்கம் அடுத்த காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் முன்னிலையில் வாசிக்கப்படட்டும். எழுதிய மாணவியே எழுந்து நின்று வாசிக்கட்டும். கமக்காரர் கேள்வி கேட்கட்டும்.