கூச்சலில் கரையும் கணக்கு

நமது கட்சிகள் நாடாளுமன்றத்தை முடக்கும்போது அரசு முடங்குவதில்லை; அரசிடம் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே முடங்குகின்றன. இதைக் கட்சித் தலைமைகள் அறியாதவை அல்ல. அறிந்தே செய்கின்றன என்பதுதான் நமது குற்றச்சாட்டு. இலக்கியம் பேசும் இடத்தில் வரவு செலவுக் கணக்கு எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்களும் இருக்கக்கூடும். சொல் பொருளிழந்து வெற்றொலியாகும் இடம் எதுவாயினும் அது இலக்கிய வாசகனின் அக்கறைக்கு உரியதே என்பது நமது பதில்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் உரிய காலத்தில் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் பல மூடப்படுகின்றன. 2025 அக்டோபர் 1 தொடங்கி நவம்பர் 12 வரை 43 நாட்கள் அப்படி நடந்தது. அங்கே முடக்கம் ஓர் ஆயுதம். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே அது ஆயுதமே அன்று. மக்களவையில் பெரும்பான்மை உள்ள அரசின் நிதி மசோதா தோற்பதில்லை. மாநிலங்களவையோ பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. விவாதிக்கப்படாமல் எஞ்சும் மானியக் கோரிக்கைகளை, குறித்த நாளில் குறித்த நேரத்தில், ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விட்டுவிடலாம். நாடாளுமன்ற வழக்கில் இதற்குக் ‘கில்லட்டின்’ என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் மன்னனின் தலையை வீழ்த்திய பொறியின் பெயர் அது. இங்கே வீழ்வது விவாதத்தின் தலை.

2018-ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழகத்தின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது, நீர்ப் பங்கீட்டுக்கான செயல்திட்டத்தை மத்திய அரசு ஆறு வாரங்களில் வகுக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. மார்ச் 5 அன்று வரவு செலவுக் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி தொடங்கியதும், காவிரி மேலாண்மை வாரியம் கோரி அ.தி.மு.க. உறுப்பினர்கள் மக்களவையின் மையப் பகுதியில் பதாகைகளோடு நின்றனர். 2014 தேர்தலில் அக்கட்சி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37-ஐ வென்றிருந்தது. எங்கள் விழுப்புரமும் அவற்றுள் ஒன்று. கோரிக்கை நியாயமானது. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. தெலுங்கு தேசம், காங்கிரஸ் முதலிய கட்சிகளும் தத்தம் காரணங்களுக்காக முழங்கிக்கொண்டுதான் இருந்தன.

மார்ச் 14 அன்று என்ன நடந்தது? அத்தனை முழக்கத்தினிடையே, ஏறத்தாழ அரை மணி நேரத்தில், 24 லட்சம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவுத் திட்டம் நிறைவேறியது. எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் விவாதிக்கப்படவில்லை. நிதி மசோதாவும் உடன் சென்றது.

அந்த மசோதாவுக்குள் இருந்தவற்றைக் கேளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. அதைவிடப் பெரிது வேறொன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் வரையறை முன்தேதியிட்டு 1976 ஆகஸ்ட் 5 முதல் மாற்றப்பட்டது. வேதாந்தா குழுமத்தின் ஸ்டெர்லைட் முதலிய நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதில் காங்கிரஸ், பா.ஜ.க. இரண்டுமே அச்சட்டத்தை மீறின என்று தில்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்திருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் பின்சென்று குற்றத்தைக் குற்றமல்லாததாக்கும் சில சொற்கள், ஒருவரும் ஒரு வினாவும் எழுப்பாமல் சட்டமாயின. அதே ஆண்டு மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டனர். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க நாம் முயலவில்லை. ஆனால் அந்த ஆலையின் நிழல் படிந்த ஒரு சட்டத் திருத்தம் தில்லியில் வந்தபோது, தமிழகத்தின் 37 உறுப்பினர்களுள் ஒருவரேனும் பதாகையை இறக்கிவிட்டு அந்தத் தாளைப் படித்திருக்கலாகாதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முழக்கத்தால் காவிரி வாரியமாவது வந்ததா? செயல்திட்டம் உச்ச நீதிமன்றத்தின் வழியாகவே வந்தது. தமிழக அரசு நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தது. மே 18 அன்று நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. ஜூன் 1 அன்று ஆணையம் அறிவிக்கையானது. இடைப்பட்ட காலத்தில் அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டது. அவை ஒழுங்கில் இல்லை, எனவே ஆதரவாளர்களை எண்ண இயலவில்லை என்று சொல்லி நாள்தோறும் அது தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஒழுங்கின்மைக்குப் பெரும்பங்கு அளித்தவர்கள் எவர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ஜூலை 20 அன்று தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. அரசின் பக்கமே வாக்களித்தது. மார்ச்சில் தொண்டை கிழிய எதிர்த்த அரசை ஜூலையில் கைதூக்கிக் காத்தார்கள். ஊருக்கு எதிர்ப்பு, தில்லிக்கு உதவி: இதற்கு வியூகம் என்று பெயர் சூட்டுவது தமிழுக்குச் செய்யும் தீங்கு.

இது ஒரு கட்சியின் நோய் அன்று. 2013-லும் மானியக் கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றியே சென்றன. அப்போது ஆண்டது காங்கிரஸ், அவையை முடக்கியது பா.ஜ.க. 2023 மார்ச்சில் இன்னும் விசித்திரம். தி.மு.க. உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் அதானி விவகாரத்தில் கூட்டுக்குழு கேட்டு முழங்க, ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சியே எதிர்முழக்கமிட்டது. மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் விவாதமின்றி நிறைவேறியது. விவாதத்துக்கெனப் பட்டியலிட்டிருந்த துறைகளுள் ஊரக வளர்ச்சியும் ஒன்று. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. அவ்வாண்டு ஒதுக்கியது 60,000 கோடி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெட்டு. மண்டகப்பட்டைச் சுற்றிய சிற்றூர்களில் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் மண் வெட்டிய பெண்கள், கூலி எப்போது கணக்கில் ஏறும் என்று வங்கி வாசலில் விசாரிப்பதை அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்காகக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி அன்று அவையில் கேட்கப்படவில்லை. அத்திட்டத்துக்கு மாற்றாக வேறொரு சட்டமே 2025 டிசம்பரில் நிறைவேற்றப்பட்டுவிட்டது.

தில்லியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. 1989 மார்ச் 25 அன்று நமது சட்டமன்றத்தில், நிதிப் பொறுப்பையும் வைத்திருந்த முதலமைச்சர் மு. கருணாநிதி நிதிநிலை அறிக்கையை வாசிக்க முற்பட்டபோது எழுந்த அமளி கைகலப்பில் முடிந்தது. யார் முதலில் கை ஓங்கினார், எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதாவுக்கு நேர்ந்தது என்ன என்று இன்றளவும் மேடைதோறும் வழக்காடுகிறோம். அந்த அறிக்கையின் ஒரு வரியாவது நம்மில் எவருக்கேனும் நினைவிருக்கிறதா? மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாளும் அதே 25.3.1989தான். அந்தத் தேதிக்கு முன் மணமானவளா பின் மணமானவளா என்பதைக் கொண்டு எத்தனையோ பெண்களின் பங்கு தீர்மானிக்கப்பட்டது. சேலையின் கதையை அறிந்த தமிழகம் அந்தத் தேதியின் பொருளை அறியவில்லை. கூச்சல் எதை மறைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரும்பான்மை உள்ள அரசிடம் பேசி ஆவதென்ன, முழங்கினால்தானே தொலைக்காட்சியிலாவது வருகிறது என்பார்கள். தோற்கடிக்க இயலாது என்பது மெய். ஆனால் விதிகள் தரும் கருவி ஒன்றுண்டு: வெட்டுத் தீர்மானம். ஒரு துறையின் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லி, அதன் கொள்கையையே வாக்கெடுப்புக்கு இழுக்கலாம். 2010 ஏப்ரல் 27 அன்று விலையேற்றத்தை முன்வைத்து எதிர்க்கட்சிகள் அவ்வாறு செய்தன. ஆதரவு தேடி மன்மோகன் சிங் அரசு அலைய நேர்ந்தது. பகுஜன் சமாஜ் அரசுக்குக் கை கொடுத்தது. சமாஜ்வாதியும் ராஷ்டிரிய ஜனதா தளமும் வெளிநடப்புச் செய்தன. அரசு வென்றது. ஆயினும் யார் எந்தப் பக்கம் என்பது அவைக்குறிப்பில் நிலைத்துவிட்டது. கட்சிகள் அஞ்சுவது இந்தப் பதிவைத்தான். முழக்கத்துக்குப் படிப்பு வேண்டாம், தயாரிப்பு வேண்டாம், நாளை திரும்பிப் பார்க்கையில் உறுத்தும் வாக்குப் பதிவும் இல்லை.

பதிவு என்றதும் எங்கள் ஊர்க் குன்று நினைவுக்கு வருகிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிப் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் இக்கோயிலை ஆக்கியதாக, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் பொறித்து வைத்தான். எவருக்கும் கணக்குச் சொல்லும் கடமை இல்லாத மன்னன் அவன். ஆயினும் யார் செய்தது, யாருக்குச் செய்தது, எவற்றை விலக்கிச் செய்தது என்று மூன்றையும் கல்லில் சொன்னான். கணக்குச் சொல்லவே கூடும் குடியரசின் அவையிலோ, லட்சம் கோடிகளுக்கு எதிரே ‘குறுக்கீடுகள்’ என்ற ஒற்றைச் சொல்லே எஞ்சுகிறது.

வாக்குக் கேட்டு வருகிறவரிடம் எத்தனை நாள் அவையை முடக்கினீர்கள் என்று இனி நாம் பெருமையோடு கேட்க வேண்டாம். எத்தனை வெட்டுத் தீர்மானங்கள் கொடுத்தீர்கள், எந்தத் துறையின் கோரிக்கையைப் படித்தீர்கள், எதற்கு எதிராகக் கை தூக்கினீர்கள் என்று கேட்போம். விடை வராது. விடை வராததை ஊர் முழுதும் காணட்டும்.